பனிக்கட்டி, அளக்க இயலவில்லை

விலைப்பட்டியலை அனுப்பியது நான்தான்.
திபிலிசியில், நீரியல் நிலையத்தின் இரண்டாம் மாடியில்,
ஆறுகளை ஆண்டுக்கணக்கில் விற்கும் மேசையில்
பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன்.
ஓர் ஆறு, ஓர் ஆண்டு, ஒரு விலை.
பெருக்கி, கூட்டி, முத்திரை குத்தி,
"தங்கள் மேலான கவனத்திற்கு" என்று முடிப்பேன்.

ராச்சா மலையிலிருந்து எழுதியவர் ஜும்பர் கவாஷெலி.
வெள்ளம் பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோய்விட்டதாம்.
புதிதை எங்கே கட்டுவதென்று ஊர் இரண்டுபட்டிருக்கிறது,
ஆறு எதுவரை ஏறும் என்று
ஆளுக்கொரு கோடு கிழிக்கிறார்கள்,
இருபத்தேழு ஆண்டு நீர்மட்டம் வேண்டும் என்றார்.
அவருடைய ஓய்வூதியத்தில்
அது ஐந்து மாதமும் கொஞ்சம் சில்லறையும்.
பணிவோடு தெரிவித்தேன்.

பத்தே நாளில் பதில்:
"அம்மணி, அந்த எண்களை எழுதியவனே நான்தான்.
காலை எட்டு, மாலை எட்டு,
பாலத்துக்கடியில் அளவுகோல்.
என் கல்யாணத்தன்றும் இறங்கினேன்,
கோட்டின் நுனி நனைந்தது.
தொண்ணூற்று மூன்று பிப்ரவரி மூன்றாம் தேதி
'பனிக்கட்டி, அளக்க இயலவில்லை' என்று எழுதினேன்.
அந்த ஒரு வரி மட்டும் என்ன விலை?"

பட்டியலில் தேடிப் பார்த்தேன்.
இயலாமைக்கு விலை போட்டிருக்கவில்லை.

தேடியதில் இன்னொன்று கிடைத்தது.
கிராட்ஸ் நகரத்து ஆய்வாளர் ஒருத்தி
அதே பாலத்தை வைத்துக் கட்டுரை எழுதியிருந்தாள்.
சுருக்கம் இலவசம்.
மீதிக்கு முப்பத்தொன்பது யூரோ,
ஒரு பகல் ஒரு இரவு படிக்கலாம், அச்செடுக்கக் கூடாது.
அவளுக்கே எழுதிக் கேட்டேன்.
பதினோரு நிமிடத்தில் முழுக் கட்டுரையும் வந்தது,
கூடவே ஒரு வரி:
"அந்த யூரோவில் ஒன்றுகூட என் பக்கம் வருவதில்லை."
நன்றியுரையில் மூன்று நிதி அமைப்புகள்.
ஜும்பரின் பெயர்
"உள்ளூர்த் தரவு" என்று இருந்தது.

பிறகு ஒரு ஜூன் மாதம் ஆணை வந்தது:
பொதுப்பணத்தில் அளந்தது பொதுவுக்கு.
ஆணை ஒரே வரி, அதற்கான சண்டை மூன்று வருடம்.
நள்ளிரவில் சர்வரைத் திறந்துவிட்டுக்
காகிதக் கோப்பையில் ஒயின் குடித்தோம்.
விடிவதற்குள் இறக்கிக்கொண்டு போனவர்கள்
ஒரு மின்நிலையக் கம்பெனி,
ஓர் இன்சூரன்ஸ்காரன்,
பனிச்சறுக்கு விடுதி கட்டப் போகும் ஒருவன்.
ராச்சாவிலிருந்து ஒருவருமில்லை.
அங்கே சிக்னல் கிடைப்பது கல்லறை மேட்டில் மட்டும்.

கதவைத் திறந்தால்
செருப்புப் போட்டுத் தயாராக நின்றவன்தான் முதலில் நுழைகிறான்.
உறுத்தியது.
அதற்காக மூடச் சொல்ல மாட்டேன்.

அலுவலகக் காகிதம், அலுவலக மை.
மாதத்துக்கு ஒரு பக்கம்,
முந்நூற்று இருபத்துநான்கு பக்கம்
நானே அச்சடித்தேன்.
மார்ஷ்ருத்கா வேனின் முன்சீட்டில்,
யாரோ கொடுத்தனுப்பிய கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு மேலே
ஓர் ஆறு மலையேறிப் போனது.

செப்டம்பரில் கூப்பிட்டார்.
கல்லறை மேட்டில் நின்றிருக்க வேண்டும், அவ்வளவு காற்று.
நன்றி சொல்லக் கூப்பிடவில்லை.
"பிப்ரவரி மூன்று. பூஜ்யம் என்று போட்டிருக்கிறீர்கள்."
"கணினியில் ஏற்றியவர்கள், எண் இல்லாத இடத்தில்..."
"பூஜ்யம் என்றால் வற்றிவிட்டது என்று அர்த்தம், அம்மணி.
அன்று ஆறு வற்றவில்லை. உறைந்திருந்தது.
அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
காதை வைத்துக் கேட்டேன்."

அட்டவணையில் ஒரு பத்தி கூட்டினேன்: குறிப்பு.
அவர் சொன்னதை அப்படியே ஏற்றினேன்,
காதை வைத்தது உட்பட.
அதைப் பார்த்துவிட்டு வேறு பாலங்களிலிருந்தும் எழுதுகிறார்கள்.
நாற்பத்தொரு பூஜ்யம் இதுவரை திருத்தியாயிற்று.

பள்ளிக்கூடச் சண்டை ஓயவில்லை.
இப்போது பக்க எண் சொல்லிச்
சண்டை போடுகிறார்களாம்.